தெர்மோஸ்டாட்டைக் கழட்டி எறிந்தால் வண்டி குளிர்ந்துவிடுமா?

மே மாத மதியம். மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப் பக்கம், எம்.டி.எச். ரோட்டோரமாக பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு கால் டாக்ஸி நிற்கும். உள்ளேயிருந்து புஸ்ஸென்று ஆவி. டிரைவர் கையில் ஒரு லிட்டர் தண்ணி பாட்டில். பக்கத்து டீக்கடையிலிருந்து நாலு பேர் வந்து நாலு வைத்தியம் சொல்வார்கள். அரை மணி நேரத்தில் வண்டி ஏதாவது ஒரு ஷெட்டுக்குப் போய்ச் சேரும். அங்கே நடக்கும் உரையாடல் கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான்.

"அண்ணே, டிராஃபிக்ல நின்னாலே சூடாவுது."

"தெர்மோஸ்டாட்டத் தூக்கிட்டேன் தம்பி. ஃபேனை டைரக்ட் பண்ணிட்டேன். இனிமே கவலையே இல்ல."

முந்நூறோ ஐந்நூறோ கைமாறும். டிரைவர் சந்தோஷமாகக் கிளம்புவார். முள் நிஜமாகவே கீழே இறங்கியிருக்கும். அடுத்த வருடம் அதே வண்டி ஹெட் கேஸ்கட் போய், ஹெட்டைக் கழட்டி லேத்தில் ஃபேஸ் பண்ண அனுப்பிவிட்டு, பல ஆயிரம் ரூபாய் பில்லோடு நிற்கும்போது, "வண்டி ராசி சரியில்ல" என்பார்கள். ராசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முதல் நாள் செய்தது வைத்தியம் இல்லை, காய்ச்சல்காரனிடமிருந்து தெர்மாமீட்டரைப் பிடுங்கி உடைத்த கதை. இந்தக் கட்டுரை அந்த வைத்தியத்துக்கு எதிரானது.

வெள்ளைக்காரன் ஊர் வால்வாம்!

தெர்மோஸ்டாட்டைக் கழட்டுபவர்கள் சொல்லும் ஒரே காரணம் இது: "அது பனி பெய்யற ஊருக்குத் தம்பி. நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு?"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வால்வ் என்ன செய்கிறது என்று பார்த்தால் நியாயம் காணாமல் போய்விடும். ஒரு சின்னக் குப்பிக்குள் மெழுகு. இன்ஜின் தண்ணி 82 முதல் 88 டிகிரிக்குள் எங்கோ ஒரு அளவைத் தொடும்போது (வண்டிக்கு வண்டி மாறும்) மெழுகு உருகி விரிந்து ஒரு ஊசியைத் தள்ளும். வால்வ் திறக்கும். தண்ணி ரேடியேட்டருக்குப் போகும். சூடு குறைந்தால் மெழுகு இறுகி வால்வ் மூடும். கரண்ட் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். இன்ஜின் சூடான பிறகு அது திறந்துதான் இருக்கும். அதாவது மே மாத வெயிலில், டிராஃபிக்கில், சூடு ஏறும்போது நல்ல தெர்மோஸ்டாட் யாருக்கும் குறுக்கே நிற்பதில்லை. அது கெட்டுப்போய் மூடிய நிலையில் மாட்டிக்கொண்டால் மட்டும்தான் பிரச்னை. அதற்கு மருந்து சில நூறு ரூபாய்க்குப் புதுசு போடுவது. வால்வே இல்லாமல் ஓட்டுவது அல்ல.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஐந்தாம் வகுப்பு கழித்தல் கணக்குதான், பயப்பட வேண்டாம். இன்ஜின் தண்ணி 90 டிகிரி. ரேடியேட்டர் சூட்டை வெளியே தள்ளும் வேகம், தண்ணிக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுத்தது. வெளியே 20 டிகிரி இருந்தால் வித்தியாசம் 70. சென்னையில் 40 டிகிரி அடித்தால் வித்தியாசம் 50. 2003 மே 31 அன்று மீனம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அன்றைக்கு வித்தியாசம் வெறும் 45. போதாக்குறைக்கு ஏசி போட்டால், கண்டென்சரைத் தாண்டி ஏற்கெனவே சூடாகி வரும் காற்றுதான் ரேடியேட்டருக்குக் கிடைக்கும். வித்தியாசம் இன்னும் சுருங்கும்.

இந்தக் கணக்கு சொல்வது என்ன? சென்னை வெயில் அடிப்பது தெர்மோஸ்டாட்டை இல்லை, ரேடியேட்டரை. குளிர் ஊரில் பாதி அடைத்த ரேடியேட்டரை வைத்துக்கொண்டும் காலம் தள்ளலாம். மண்ணூர்பேட்டையில் முடியாது. ஆக, இங்கே கவனிக்க வேண்டிய பொருள் ரேடியேட்டர். கழட்டி எறியப்படுவதோ வால்வ். திருடனை விட்டுவிட்டு வாட்ச்மேனைப் பிடித்து அடைப்பது என்பது இதுதான்.

கழட்டினால் என்னதான் ஆகும்?

முள் இறங்குகிறதே, அது பொய்யா என்று கேட்பார்கள். பொய் இல்லை. காலையில் காலியான ரோட்டில் முள் ரொம்பவே இறங்கும். அதுதான் முதல் ஆபத்து.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணி உண்டாகும், ஆவியாக. பெரும்பகுதி சைலன்சர் வழியாகப் போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே கசிந்து ஆயிலில் சேரும். இன்ஜின் சரியான சூட்டில் இருந்தால் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். எப்போதும் அரைச்சூட்டில் ஓடும் இன்ஜினில் அது ஆயிலோடு கலந்து, ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாகப் படியும். கூடவே சரியாக எரியாத பெட்ரோலும் கலந்து ஆயில் நீர்த்துப் போகும். மண்ணூர்பேட்டையிலிருந்து பாடி, பாடியிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட் என்று குட்டிக் குட்டி டிரிப் அடிக்கும் வண்டிகளுக்கு இது இன்னும் மோசம்.

அடுத்தது மைலேஜ். இன்றைய வண்டிகளில் இன்ஜின் சூட்டை ஒரு சென்சார் பார்த்து கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. தண்ணி சூடாகவில்லை என்றால், "இன்ஜின் இன்னும் எழுந்திருக்கவில்லை" என்று நினைத்து அது பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். 2020 ஏப்ரல் 1 முதல் விற்கும் பி.எஸ்.6 வண்டிகளில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டர் பெரும்பாலும் இன்ஜினை ஒட்டியே இருக்கிறது. கூடுதல் பெட்ரோல் அதற்குள் போய் எரிந்தால் பானெட்டுக்குள் சூடு கூடும்! சூட்டைக் குறைக்கிறேன் என்று கிளம்பிய வைத்தியம் கடைசியில் அடுப்புக்கு விறகு போடுகிறது.

எல்லாவற்றையும் விட வேடிக்கை இது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டுக்கு இரண்டு முகம். ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, இன்ஜினுக்குள்ளேயே சுற்றும் பைபாஸ் வழியை மூடும். அதைக் கழட்டினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணியில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சூட்டோடு சூடாகத் திரும்பி வரும். காலையில் குளிர்ந்து கிடந்த அதே வண்டி, மதியம் டிராஃபிக்கில் முன்பை விட சீக்கிரம் கொதிக்கும். அப்போது மெக்கானிக் தரும் விளக்கம்: "தண்ணி வேகமா ஓடுது, ஆற டைம் கிடைக்கல." அதுவும் தப்பு. ஒரே தண்ணிதான் சுற்றிச் சுற்றி வருகிறது. ரேடியேட்டரில் இருக்கும் நேரம் குறைந்தால் இன்ஜினில் இருக்கும் நேரமும் குறையும். குற்றவாளி வேகம் இல்லை, திறந்து கிடக்கும் பைபாஸ்.

குழாய்த் தண்ணி தர்மம்

அடுத்த வைத்தியம் தண்ணி. "கூலண்ட் எல்லாம் கம்பெனிக்காரன் காசு புடுங்கற வேலை. தண்ணிய விட சூட்டை எடுக்கறது எது?"

இதில் பாதி உண்மை இருக்கிறது என்பதை மறுக்கக் கூடாது. ஒரு லிட்டர் தண்ணி சுமக்கும் சூட்டை ஒரு லிட்டர் கூலண்ட் கலவை சுமக்காது. பந்தயக் கார்களில் வடிகட்டிய தண்ணியில் துரு தடுக்கும் மருந்து கலந்து ஓட்டுவதும் உண்டு. ஆனால் அது வடிகட்டிய தண்ணி! இங்கே ஊற்றப்படுவது போர்வெல் தண்ணி. பாத்ரூம் குழாயில் வெள்ளையாகப் பொறை தட்டிக் கிடக்கிறதே, அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படியும். அந்தப் பொறை சூட்டைக் கடத்தும் திறன், அலுமினியத்தோடு ஒப்பிட்டால் சுமார் நூறில் ஒரு பங்குதான். குளிர்விக்க வேண்டிய குழாய்க்குள்ளேயே கம்பளி போர்த்திய மாதிரி.

கொதிநிலைக் கணக்கும் இருக்கிறது. வெறும் தண்ணி 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி சும்மா மூடி இல்லை, அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வ். 0.9 பார் மூடி போட்டால் அதே தண்ணி சுமார் 118 டிகிரி வரை தாங்கும். பாதிக்குப் பாதி கூலண்ட் கலந்தால் 125-ஐயும் தாண்டும். மூடியின் ரப்பர் பிய்ந்திருந்தால் இந்தப் பாதுகாப்பு மொத்தமும் போச்சு. இவ்வளவு வேலை செய்யும் அந்த மூடியை எத்தனை பேர் ஒரு தடவையாவது மாற்றியிருப்பார்கள்?

இதே அழுத்தம்தான் கையையும் முகத்தையும் வேக வைப்பது. சூடான மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும். 110 டிகிரியில் அடங்கிக் கிடந்த தண்ணி அப்படியே கொதித்து மேலே பாயும். துணியைச் சுற்றிக்கொண்டு திறப்பது வீரம் இல்லை. அரை மணி நேரம் காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

மற்ற சித்து வேலைகள்

ஃபேனை டைரக்ட் பண்ணுவது: 60 கிலோமீட்டருக்கு மேல் போகும் வண்டிக்கு எதிர்க்காற்றே பெரும்பாலும் போதும், ஃபேன் சும்மா சுற்றும். மோட்டார் சீக்கிரம் தேயும். ரிலேயும் ஃபியூஸும் இல்லாமல் ஒயரை நேராக இழுத்திருந்தால், அந்த ஒயரே ஒரு நாள் தீக்குச்சி ஆகலாம். ஃபேன் ஓடவில்லை என்றால் சென்சாரையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். அதற்குப் பத்து நிமிடம் ஆகும். டைரக்ட் பண்ண இரண்டு நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில்தான் எல்லாம் கெட்டுப்போகிறது.

பானெட்டின் பின்பக்கம் வாஷர் வைத்துத் தூக்குவது: நிற்கும் வண்டியில் சூடான காற்று மேலே ஏறி வெளியே போகும், உண்மை. ஆனால் வண்டி வேகம் எடுத்தால் கண்ணாடியின் அடிப்பகுதியில் காற்று மோதி அழுத்தம் கூடும். காற்று அந்த இடைவெளியில் வெளியே வராது, உள்ளே போகும்! முன்னால் ரேடியேட்டர் வழியாக வரும் காற்றுக்கே அது எதிரி. நிற்கும்போதோ, இன்ஜின் புகையும் சூடும் அங்கேயே இருக்கும் ஏசியின் காற்று வழிக்குள் நுழையும்.

கடகடவென்று ஆடும் தகட்டைப் பிடுங்கி எறிவது: சைலன்சர் மேனிஃபோல்டின் மேல் இருக்கும் அந்த மெல்லிய தகடு அலங்காரத்துக்கு இல்லை. நூற்றுக்கணக்கான டிகிரியில் தகிக்கும் இரும்பிலிருந்து கதிராக வீசும் சூட்டைத் திருப்பி அனுப்புவது அதுதான். அது போனால் பக்கத்து ஒயரும் ஹோஸும் பேட்டரியும் ஸ்டார்ட்டர் மோட்டாரும் வறுபடும். ஆடும் தகட்டுக்குத் தேவை ஒரு போல்ட்.

அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டு: ஸ்பீடு பிரேக்கரில் உடைந்தால் "வேஸ்ட் தம்பி, கழட்டிடலாம்". வெளியே போன சூடான காற்று மறுபடி ரேடியேட்டர் முன்னால் சுற்றி வராமல் தடுப்பதிலும் அந்தத் தட்டுக்குப் பங்கு உண்டு. ரேடியேட்டரைச் சுற்றியுள்ள ரப்பரும் ஃபேன் கவரும் அப்படித்தான். காற்று சோம்பேறி. சந்து கிடைத்தால் ரேடியேட்டர் வழியாகக் கஷ்டப்பட்டு நுழையாது, சந்திலேயே ஓடிவிடும்.

யார் மேல் தப்பு?

எல்லாப் பழியையும் ஷெட் மெக்கானிக் தலையில் போட்டுவிட்டுப் போவது சுலபம். அது நேர்மை இல்லை. அவர் கற்றுக்கொண்டது அம்பாசடரிலும் பத்மினியிலும். கார்புரேட்டர் காலத்தில் இன்ஜினோடு ஒட்டியிருந்த பெட்ரோல் பம்ப் சூடாகி, பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். ஈரத்துணியைச் சுற்றினால் ஓடும். அந்தக் காலத்துக்கு அது சரியான வைத்தியம். இன்று பம்ப் டாங்க்குக்குள் போய்விட்டது. ஈரத்துணி போனது. ஆனால் நோயை விட்டு அறிகுறியை அமுக்கும் பழக்கம் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. வாடிக்கையாளரும் ஒரு மணி நேரத்தில் வண்டி வேண்டும், ஐந்நூறுக்குள் முடிய வேண்டும் என்கிறார். காரணம் கண்டுபிடிப்பதற்கு இந்த ஊரில் யாரும் கூலி தருவதில்லை. கழட்டுவதற்குத்தான் தருகிறார்கள்.

கம்பெனிகளும் யோக்கியம் இல்லை. சின்னக் கார்கள் பலவற்றில் சூடு காட்டும் முள்ளையே எடுத்துவிட்டார்கள். நீல விளக்கு, சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். முள் இருந்தால் மெதுவாக ஏறுவது கண்ணுக்குத் தெரியும், ஓரம் கட்டலாம். சிவப்பு விளக்கு எரியும்போது பல சமயம் ஹெட் வளைய ஆரம்பித்திருக்கும். தொடுதிரையில் பாட்டின் பெயர் ஓட இடம் இருக்கிறது, ஒரு முள்ளுக்கு இடம் இல்லையாம்!

கடைசியாக இன்ஜினியரிங் காலேஜ். வெப்ப இயக்கவியல் பேப்பரில் கார்னோ சுழற்சியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைபவர்கள், எரிபொருளின் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு தண்ணி வழியாகவும், ஏறக்குறைய அதே அளவு புகை வழியாகவும் போகிறது என்று இரண்டு மார்க்குக்கு எழுதுபவர்கள், அப்பாவின் வண்டி எம்.டி.எச். ரோட்டில் ஆவி விடும்போது பானெட்டைத் திறக்கும் கொக்கி எங்கே என்று தேடுகிறார்கள்.

இதெல்லாம் எந்த ஊரில் நடக்கிறது என்பதுதான் உறுத்துகிறது. மண்ணூர்பேட்டைக்குப் பக்கத்திலேயே பாடி. அங்கே வேரூன்றிய சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998-ல் டெமிங் பரிசு வாங்கியது, இந்தியாவிலேயே முதன்முறையாக. 2004-ல் பக்கத்திலிருந்த லூகாஸ் டி.வி.எஸ். வாங்கியது. அந்தப் பரிசு கொண்டாடும் வழிமுறையின் சாரம் எளிமையானது: ஊகிக்காதே, அளந்து பார், அறிகுறியை மறைக்காதே, மூல காரணத்தைத் தேடு. மதிலுக்கு உள்ளே உலகமே மெச்சும் அளவு அது நடந்தது. மதிலுக்கு வெளியே, அதே தெருவில், "தூக்கிட்டேன் தம்பி" நடக்கிறது. ஸ்டார்ட்டர் மோட்டார் பாடியில் பிறக்கிறது. தகடு பிடுங்கப்பட்ட வண்டியில் மண்ணூர்பேட்டையிலேயே வறுபட்டுச் சாகிறது.

சரி, என்னதான் செய்வது?

செய்ய வேண்டியவை பெரிய வித்தைகள் இல்லை. செலவு குறைவானதிலிருந்து வரிசையாக:

1. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் பார்க்க வேண்டும். எம்.டி.எச். ரோட்டுத் தூசி, பூச்சி, பாலித்தீன் எல்லாம் சேர்ந்து கம்பளம் மாதிரி இருக்கும். இன்ஜின் குளிர்ந்த பிறகு, இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, மெதுவான தண்ணியில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸ் பீரங்கியால் அடித்தால் தகடுகள் மடங்கி, இருந்த வழியும் அடைபடும்.

2. மூடி, ஹோஸ், பெல்ட். மூன்றும் கையால் தொட்டு, கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை.

3. வண்டியின் புத்தகத்தில் சொன்ன கூலண்ட், சொன்ன காலத்தில். வழியில் வேறு கதி இல்லாமல் குழாய்த் தண்ணி ஊற்றினால் தப்பில்லை. அதை அப்படியே விட்டுவிடுவதுதான் தப்பு.

4. ஃபேன் தானாக ஓடுகிறதா? ஏசி போட்டுவிட்டு இறங்கிப் பார்த்தாலே பெரும்பாலான வண்டிகளில் தெரிந்துவிடும்.

5. தெர்மோஸ்டாட்டின் மேல் சந்தேகமா? கழட்டி, வெந்நீரில் போட்டு, தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கலாம். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியில் திறக்க ஆரம்பிக்கிறதா என்று பார்க்க ஒரு பாத்திரமும் அடுப்பும் போதும். இல்லையென்றால் அதே டிகிரியில் புதுசு.

6. முள் ஏறினால்: ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகப் போட வேண்டும். சென்னையில் ஹீட்டரா என்று சிரிப்பு வரும். ஆனால் ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். வியர்த்துக் கொட்டினாலும் ஹெட் பிழைக்கும். அப்புறம் ஓரம் கட்டலாம். சிவப்பு விளக்கே வந்துவிட்டால் உடனே நிறுத்தி, இன்ஜினை அணைப்பதுதான் வழி.

7. நெடுந்தூரம் ஓடி வந்து நின்றதும் சட்டென்று அணைக்காமல் ஒரு நிமிடம் ஓடவிட வேண்டும். அணைத்ததும் பம்ப் நின்றுவிடும். இரும்பில் இருக்கும் சூடு தண்ணிக்குள் இறங்கி, நின்ற வண்டிக்குள்தான் கொஞ்ச நேரம் சூடு ஏறும். பிறகு நிழலில் பானெட்டைத் திறந்து வைத்தால் ஒயருக்கும் பேட்டரிக்கும் ஆயுள் நீளும்.

குட்டியானை ஓட்டுபவருக்கு இதெல்லாம் இன்னும் நெருக்கமான விஷயம். அவருடைய இன்ஜின் பானெட்டுக்குள் இல்லை, சீட்டுக்கு அடியில். இன்ஜினின் சூடு அவர் உடம்பின் சூடு. மாதத் தவணை கட்டும் ஒருவருக்கு ஹெட் வேலை என்பது வெறும் ரிப்பேர் பில் இல்லை. பத்து நாள் வண்டி நிற்கும், பத்து நாள் வருமானம் நிற்கும், தவணை மட்டும் நிற்காது.

அதனால், அடுத்த தடவை ஷெட்டில் யாராவது "தெர்மோஸ்டாட்டத் தூக்கிடலாமா?" என்று கேட்டால், பதிலுக்கு ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: "எதனால சூடாவுதுண்ணே?" அதற்குப் பதில் தெரியும் வரை ஸ்பேனர் பையிலேயே இருக்கட்டும்.